வேங்கிக்கால் வீட்டுத் தாசில்தார்

அலமாரித் தட்டில் விரித்த பழைய செய்தித்தாளின் மேல் பெரிய எட்டுக்கால் பூச்சி ஒன்று ஓடினால், தூறல் தொடங்கும்போது வாழையிலையில் விழும் முதல் சில துளிகளைப் போல ஒரு சத்தம் வரும். சின்னப் பூச்சிகளின் நடை நம் காதுக்கு எட்டுவதில்லை. உள்ளங்கை அகலத்துக்குக் கால் பரப்பும் பூச்சிக்கு மட்டுமே அந்த ஓசை உண்டு, அதுவும் தாள் நன்றாகக் காய்ந்து மொரமொரவென்று இருந்தால்தான். நான் அதை முதன்முதலாகக் கேட்டது ஐந்தாம் வகுப்பில் சேர்ந்த ஜூன் மாதத்தில், வேங்கிக்காலில் நாங்கள் குடிவந்த மூன்றாம் நாள் மாலை, அட்டை போட்ட நோட்டுகளை அளவுவாரியாக அடுக்கிக்கொண்டிருந்த நேரத்தில். என்ன சத்தம் என்று நான் திரும்புவதற்குள், அலமாரியிலிருந்து சுவருக்குத் தாவி அடுப்புப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்த அந்தப் பூச்சியை அம்மா பார்த்துவிட்டாள். குழம்புக் கரண்டியைக் கையில் பிடித்தபடியே வெளியே ஓடித் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் போய் நின்றவள், அரை மணி நேரம் உள்ளே வரவில்லை, குழம்பு அடிப்பிடித்துவிட்டது.

அதுவரை நாங்கள் இருந்தது பெரம்பூரில், ஒரு கட்டடத்தின் இரண்டாவது மாடியில். அங்கே பூச்சி என்றால் கொசு, கரப்பான், அவ்வளவுதான். அப்பா எழுத்தர். திருவண்ணாமலை தனி மாவட்டமாகி, வேங்கிக்காலில் கலெக்டர் அலுவலகமும் மற்ற அலுவலகங்களும் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்த சமயத்தில் அவருக்கு இங்கே மாற்றலானது. முதல் எட்டு மாதம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜ் அறையில் தனியாக இருந்து, ஓட்டல் சாப்பாடு சாப்பிட்டு, ஒரு சனிக்கிழமை விட்டு ஒரு சனிக்கிழமை பெரம்பூர் வருவார். வரும்போதெல்லாம் சட்டை முன்பைவிடக் கொஞ்சம் தொளதொளவென்று இருக்கும். வயிறு எரிகிறது என்று மோர்சாதம் மட்டும் கேட்பார். வீட்டுச் சாப்பாடு இல்லாவிட்டால் இது ஜாஸ்திதான் ஆகும் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் அம்மா மூட்டை கட்டினாள். ஆகவே அந்த வீட்டில் நாங்கள் இருப்பதா போவதா என்ற கேள்வி, அப்பா மறுபடியும் அந்த லாட்ஜ் அறைக்குப் போவதா வேண்டாமா என்ற கேள்வியும்கூட. பத்து வயதில் எனக்கு அது தெளிவாகத் தெரிந்திருந்தது.

வீடு கிடைப்பது கடினமாக இருந்த காலம் அது. வந்து சேர்ந்த அலுவலகங்கள் அதிகம், கட்டி முடித்த வீடுகள் கம்மி. எங்களுக்குக் கிடைத்தது ஓர் ஓட்டு வீட்டின் பின் போர்ஷன். ஹால், உள் அறை, சமையலறை என்று மூன்று அறைகள், வெளியே கிணறு, கிணற்றுக்கு அப்பால் கல் குவியல், சமையலறை ஜன்னலைத் திறந்தால் மலை. முன் போர்ஷனில் வீட்டுக்காரர்கள் இருந்தார்கள். வந்தவாசிப் பக்கத்திலிருந்து வந்த தமிழ்ச் சமணக் குடும்பம். தெருவில் 'நயினார் வீடு' என்றால்தான் தெரியும். பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடித்து அடுப்பை அணைத்துவிடுவார்கள், குடிக்கும் தண்ணீரைத் துணியில் வடிகட்டுவார்கள். வீட்டுக்காரம்மா குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. வாடகை பேசியபோது அவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: இந்த வீட்டுக்குள் எந்த உயிரையும் கொல்லக் கூடாது, கொன்றால் காலி செய்துவிட வேண்டும். அப்பா கோழி, ஆடு என்று நினைத்துக்கொண்டு உடனே தலையாட்டிவிட்டார்.

அன்று மாலை, துவைக்கிற கல்லருகே நின்ற அம்மாவைப் பார்த்து வீட்டுக்காரம்மா வந்தார். உள்ளே போய் நிமிர்ந்து பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார்.

"இது வலை கட்டாதுங்க. கரப்பான் பூச்சியைப் பிடிச்சுத் தின்னுட்டு அது பாட்டுக்கு இருக்கும். ஓடு போட்ட வீடுன்னா வரத்தான் செய்யும்."

உடம்பின் மேல் ஓடினால் கொப்புளம் போடும் என்று கேட்டு வளர்ந்தவள் அம்மா. இப்படி எத்தனை இருக்கும் என்று கேட்டாள். வீட்டுக்காரம்மா வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

"ஒண்ணுதான்."

வீட்டுக்காரம்மா பொய் சொல்ல மாட்டார். அப்பாவை ஒருமுறை பார்த்தார், கூரையை ஒருமுறை பார்த்தார், அடுப்பு அணைக்க நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அம்மா கரண்டியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"ஒண்ணுன்னா வீட்டுல இன்னொரு ஆளுன்னு நெனைச்சுக்கறேன். ரெண்டாவதைப் பார்த்தேன்னா, பாப்பாவைக் கூட்டிக்கிட்டு பெரம்பூர் போயிடுவேன். அப்புறம் என்னைக் கேக்காதீங்க."

அந்த ஒன்றுக்கு அப்பாதான் பெயர் வைத்தார். அலுவலகத்தில் இருந்தும் இல்லாமலும் இருக்கிற மனிதர் யார் என்று யோசித்து, 'தாசில்தார்' என்றார். பூச்சி சுவரில் தென்பட்டால் "தாசில்தார் கேம்ப் வந்திருக்கார்" என்பார். காணவில்லை என்றால் கேம்ப் போயிருக்கிறார் என்று பொருள். பயந்துகொண்டே அம்மா முதல் தடவை சிரித்தது அந்தப் பெயருக்குத்தான். குளியலறைக்குள் போகுமுன் கதவை மூன்று தட்டுத் தட்டி, தாசில்தாருக்குத் தகவல் கொடுத்துவிட்டு, ஐந்து வரை எண்ணிவிட்டுப் போவது அவள் வழக்கமாயிற்று. செருப்பைக் கவிழ்த்து உதறுவது, கொடியிலிருந்து எடுத்த துணியை வெளியிலேயே தட்டுவது, தலையணையைத் திருப்பிப் பார்ப்பது எல்லாம் பழகின. அடுப்புக்கோ படுக்கைக்கோ மிக அருகில் வந்துவிட்டால் மட்டும் பிடித்து வெளியே விடுவோம். அதற்கென்று அகலமான பிளாஸ்டிக் டப்பா ஒன்றும், அப்பாவின் நண்பர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை ஒன்றும் அலமாரியில் தனியாக இருந்தன. டப்பாவைச் சுவரில் கவிழ்த்து, விளிம்பில் கால் மாட்டிக்கொள்ளாதபடி பத்திரிகையை மெல்ல மெல்லச் செருகி, இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு கல் குவியல்வரை நடக்க வேண்டும். என் கால்களுக்கு நாற்பத்திரண்டு எட்டு. மறுநாளே சுவரில் மறுபடி ஒன்று நிற்கும். தாசில்தார் கேம்ப் முடிந்து திரும்பிவிட்டார் என்பார் அப்பா.

எனக்கு அப்போதே எதையும் எழுதி வைக்கிற குணம் உண்டு. கோடு போடாத நோட்டு ஒன்றில் மூன்று அறைகளையும் அளந்து படம் வரைந்து, தினமும் மாலை விளக்குப் போட்டவுடன் பூச்சி எங்கே இருந்தது, எவ்வளவு பெரியது, எந்தப் பக்கம் பார்த்து நின்றது என்று குறித்து வந்தேன். ஆடி பிறப்பதற்குள் விஷயம் வெளியாகிவிட்டது. ஹாலில் இருந்ததற்கு இடப்பக்கம் ஒரு கால் இல்லை, ஏழுதான். உள் அறையில் இருந்ததற்கு எட்டும் இருந்தன, முகத்துக்கு மேலே மீசைபோல வெளிறிய கோடும் இருந்தது. இரண்டும் ஒரே மாலையில், பத்து நிமிட இடைவெளியில் இருந்தன. இப்படிப் பிரித்துப் பிரித்துப் பார்த்ததில், ஆவணி முடிவில் மொத்தம் ஏழு தாசில்தார்கள்.

நோட்டை அப்பாவிடம் காட்டினேன். நின்றபடியே முழுவதும் படித்தார். கடைசி வரிக்குக் கீழே, கோப்பில் போடுவதைப் போலவே, நீல மையில் சுருக்கொப்பம் போட்டு என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

"பாப்பா, இது ஆபீஸ் ரகசியம். அம்மாவுக்கு வேணாம்."

சரி என்றேன், ஆனால் அது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. சாப்பிடும்போது அம்மா, இன்றைக்கு வந்துச்சா என்று கேட்பாள். வந்துச்சு என்பேன். ஒருமையில் கேட்டாள், ஒருமையில் சொன்னேன், இதில் பொய் எங்கே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன். எதிரே அப்பா சோற்றை நிதானமாகப் பிசைந்து சாப்பிடுவார். மோர்சாதம் மட்டும் கேட்டவர் ரசமும் பொரியலும் கேட்கத் தொடங்கியிருந்தார். சட்டை மறுபடி உடம்போடு பொருந்தி வந்தது. அதையும் அந்த நோட்டில் ஓர் ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

கார்த்திகையில் தீபம் பார்க்க அம்மாவின் தம்பி, என் மாமா, பெரம்பூரிலிருந்து வந்தார். தீப நாளில் பஸ்களை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள் என்பதால், பையைத் தலையில் வைத்துக்கொண்டு மழையில் நடந்தே வந்து சேர்ந்தார். ஓடு ஒழுகும் இடத்தில் வாளி வைத்திருப்பதையும், கதவை மூன்று முறை தட்டிவிட்டு அக்கா குளிக்கப் போவதையும் பார்த்தவருக்கு மனசு கேட்கவில்லை. பெரம்பூரில் மாடி போர்ஷன் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது, அரைப் பரீட்சை முடிந்ததும் வந்துவிடுங்கள் என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை. பார்க்கலாம் என்றாள். நான் உள் அறையில் இருந்து அதைக் கேட்டேன்.

தீபம் முடிந்த மறுநாள் காலை, குளிக்கப் போன மாமா தட்டாமல் கதவைத் திறந்தார். உள்ளே பளாரென்று ஒரு சத்தம். வெளியே வந்தவர் கையில் ரப்பர் செருப்பு.

"அக்கா, முடிச்சுட்டேன். இனிமே உங்க தாசில்தார் தொல்லை கிடையாது."

போய்ப் பார்த்தேன். ஏழு கால்காரர். சுருண்டிருந்த கால்களை எண்ணி உறுதிசெய்துகொண்டு வந்து அப்பாவைப் பார்த்தேன். அவர் முன் போர்ஷன் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். நிபந்தனை போய்விட்டது என்பது ஒரு பக்கம். இன்னொன்று எங்கள் இருவருக்கு மட்டுமே புரிந்தது. அம்மாவின் கணக்கில் இருந்த ஒன்று செத்துவிட்டது. மழைக்காலம், மிச்சம் ஆறும் வீட்டுக்குள்தான் இருந்தன. இனிமேல் சுவரில் எது தென்பட்டாலும் அது இரண்டாவது.

யாரிடமும் சொல்ல வேண்டாம், துடைத்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்றார் மாமா. அம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு முன் போர்ஷனுக்குப் போனாள். நானும் பின்னால் போனேன். அடித்தது தன் தம்பி என்றும், அவரிடம் முன்கூட்டியே சொல்லாதது தன் தப்பு என்றும் சொன்னாள். வீட்டுக்காரம்மா அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தார். முறத்தைக் கீழே வைத்தார்.

"வந்தவருக்குத் தெரியாதுங்க. நமக்குத் தெரியுமே. சொல்லி வெச்சிருக்கணும்."

காலி செய்யச் சொல்வார் என்று நான் காத்திருந்தேன். அவரோ பொறுக்கிய அரிசியை மறுபடி டப்பாவில் கொட்டி மூடினார். அன்று பகலில் முன் போர்ஷனிலிருந்து தாளிக்கிற வாசனை வரவில்லை. பொழுது சாயும்போதும் பாத்திரச் சத்தம் இல்லை. அந்த அம்மா அன்று முழுவதும் சாப்பிடவில்லை என்பது எங்களுக்கு அப்போதுதான் புரிந்தது. ஒரு பூச்சிக்காகவா என்று மாமா கேட்டார். எங்களுக்கு மட்டும் சாதம் போட்டுவிட்டு, அம்மாவும் அன்றைக்குச் சாப்பிடாமலே தட்டைக் கழுவி வைத்தாள்.

மறுநாள் சாயங்காலம் மாமா ஊருக்குக் கிளம்ப வேண்டும். பை ஹாலில் கட்டித் தயாராக இருந்தது. மலையுச்சியில் தீபக் கொப்பரை எரிந்துகொண்டிருந்தது. அது தெரிவதற்காகச் சமையலறை ஜன்னலைத் திறந்து வைத்திருந்தோம். விளக்குப் போட்டேன். அம்மா சுவரில் சாய்ந்து பூக்கட்டிக்கொண்டிருந்தாள். அவள் தலைக்கு மேலே, ஒரு முழ உயரத்தில், நாள்காட்டிக்குப் பின்னாலிருந்து மெதுவாக வெளியே வந்தது, எல்லாவற்றிலும் பெரியது. வயிற்றுக்கு அடியில், எட்டணா காசைவிடச் சற்றுப் பெரிதாக, சின்ன அப்பளம் போன்ற வெளிறிய வட்டமான முட்டைப் பையை அணைத்துப் பிடித்துக்கொண்டிருந்தது.

மாமாதான் முதலில் பார்த்தார். கை செருப்புக்குப் போகவில்லை. அந்த மட்டுக்கும் நேற்று வீட்டுக்காரம்மா சாப்பிடாமல் இருந்ததை நினைவில் வைத்திருந்தார். ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை.

"அத்தான், ஒண்ணுதான்னு சொன்னீங்களே?"

அது அப்பாவுக்கான கேள்வி. டப்பாவையும் பத்திரிகையையும் எடுக்க அப்பா அலமாரிப் பக்கம் ஓர் எட்டு வைத்தவர், அப்படியே நின்றுவிட்டார். அம்மா நிமிர்ந்து பார்த்தாள். பூச்சரம் கையிலேயே இருந்தது. வெகு நேரம் பார்த்தாள். நான் மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன், இருபது தாண்டியது. பிறகு இருந்த இடத்திலிருந்து இரண்டு சாண் மட்டும் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"ஒண்ணுதான்டா. பழைய தாசில்தாரை நீதான் அனுப்பிட்ட. இவர் புதுசா சார்ஜ் எடுத்திருக்கார். ஆள் மாறும், போஸ்ட் ஒண்ணுதானே?"

அப்பாவைப் பார்த்துச் சொன்னாள்: "இன்னைக்கு எடுக்க வேணாங்க. கையில பிள்ளையோட வந்திருக்கு."

மாமா தனியாக ஊருக்குப் போனார். அப்பா அவரை பஸ் ஏற்றிவிட்டு வந்து, இரண்டு முறை ரசம் வாங்கிச் சாப்பிட்டார்.

அந்த வாரம் நோட்டை எடுத்துத் திருத்தம் எழுதப் போனபோது, ஆவணி மாதக் கடைசிப் பக்கத்தில், அப்பாவின் சுருக்கொப்பத்துக்குக் கீழே பென்சிலில் ஒரு வரி இருந்தது. அம்மா மளிகைச் சீட்டில் எழுதுவதைப் போல எழுத்துகள் வலப்பக்கம் சாய்ந்திருந்தன: 'சிலிண்டருக்குப் பின்னால் ஒன்று. விட்டுப்போச்சு.' போய்ப் பார்த்தேன், இருந்தது. எட்டாவது. அம்மா அதை எப்போது எழுதினாள், மாமா வருவதற்கு முன்பா பின்பா என்று பக்கத்தை எத்தனை முறை பார்த்தும் கண்டுபிடிக்க முடியவில்லை. கேட்கவும் இல்லை. அப்பாவிடம் காட்டினேன். பார்த்துவிட்டு, அந்த வரிக்குக் கீழேயும் சுருக்கொப்பம் போட்டார்.

மார்கழியில் ஒரு காலை அந்த முட்டைப் பை பிரிந்து, நாள்காட்டியைச் சுற்றிச் சுவரெல்லாம் கடுகு தெளித்தாற்போல் குட்டிகள். அந்த நோட்டில் எண்ணிக்கைக்கான இடத்தில் 'எண்ண முடியவில்லை' என்று நான் எழுதிய ஒரே நாள் அதுதான். இரண்டு நாள் அம்மா கிணற்றடியில் அடுப்பு வைத்துச் சமைத்தாள். மூன்றாம் நாள் எல்லாம் எங்கெங்கோ போய்விட்டன, அவளும் உள்ளே வந்துவிட்டாள். அந்த வீட்டில் நாங்கள் பதினோரு வருடம் இருந்தோம்.

இப்போது அந்த இடத்தில் மூன்று மாடிக் கட்டடம் நிற்கிறது. கிணற்றை மூடிக் கார் நிறுத்துகிறார்கள். கல் குவியல் இருந்த இடம் எது என்று நாற்பத்திரண்டு எட்டு வைத்துப் பார்த்தாலும் தெரியாது. என் எட்டும் இப்போது நீளம். வீட்டுக்காரம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. இரண்டு தெரு தள்ளி எங்கள் சொந்த வீட்டில் நானும் அம்மாவும் இருக்கிறோம். ஜன்னலுக்கெல்லாம் கொசுவலை அடித்திருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அக்கம்பக்கத்து வீடுகளுக்கு மருந்து அடிக்க ஆள் வருகிறார். என் நாட்குறிப்புகளைப் புரட்டிப் பார்த்தால், உள்ளங்கை அகலப் பூச்சியைப் பற்றிய கடைசிக் குறிப்பு ஆறு வருடத்துக்கு முந்தையது.

போன வாரம் மாடியில் குடியிருக்கும் இளம் தம்பதி, பெங்களூரிலிருந்து வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது, கீழே ஓடி வந்தார்கள். அந்தப் பெண்ணின் கையில் தோசைத் திருப்பி. நான் டப்பாவையும் ஒரு கல்யாணப் பத்திரிகையையும் எடுத்துக்கொண்டு போனேன். கேஸ் அடுப்புக்கு மேலே, டைல்ஸ் பதித்த வெள்ளைச் சுவரில், எட்டுக் கால்களும் முழுசாக, அசையாமல் நின்றுகொண்டிருந்தது. கை பழையபடி வேலை செய்தது. பத்திரிகையைச் செருகும்போது ஒரு கால்கூட மாட்டவில்லை. இப்படி எத்தனை இருக்கும் ஆன்ட்டி என்று அந்தப் பெண் வாசலில் நின்றபடியே கேட்டாள்.

"ஒண்ணுதான்மா."

கீழே வந்தபோது அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். டப்பாவைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தாள். எத்தனை என்று கேட்டாள். ஒன்றுதான் என்றேன். அப்பா சொன்ன மாதிரியா, நிஜமாகவா என்றாள். மாடி முழுக்க, மோட்டார் அறை உட்பட, தேடிப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன்.

"நிஜமாவே ஒண்ணுதான்மா."

அம்மா இன்னும் கொஞ்சம் குனிந்தாள். டப்பாவின் பக்கத்தை ஒரு விரலால் தொட்டாள்.

"பாவம். தனியாவா இருக்கு."

வெளியே கொண்டுபோய் விட, வாசலில் சிமெண்ட்டும் அதற்கப்பால் தார் ரோடும்தான். ஹாலுக்குப் போய், நாள்காட்டிக்குப் பக்கத்தில் டப்பாவைச் சுவரோடு அணைத்து, பத்திரிகையை மெல்ல உருவினேன்.